முதல் படகில் வந்தவர்

1989 ஒக்டோபர் 22. காவின். மஹர் ரூபா 1,001.
1992 யூன் 3. பெண் குழந்தை. மருத்துவிச்சிக்கு ரூபா 150, ஒரு சாரி.
1997 ஆகஸ்ட் 11. கப்பல் வேலைக்கு முகவரிடம் கட்டியது ரூபா 85,000.
2004 டிசம்பர் 26. தொகை இல்லை.
2005 பெப்ரவரி 2. கொழும்பு பஸ் ரூபா 260. போக மட்டும்.
2012 பெப்ரவரி 19. வான் கூலி ரூபா 22,000.

இவை என் மைத்துனர் மீராமுகைதீனுடைய வாழ்க்கைத் திகதிகள். அவர் என் மனைவி சல்மா உம்மாவின் தம்பி. நான் கல்முனைக்குடியில் முப்பத்தொரு வருடம் முஸ்லிம் விவாகப் பதிவாளராக இருந்தவன். திகதி இல்லாமல் எதையும் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் மேலே உள்ள ஆறு வரிகளை வாசித்து ஒருவரும் மீராமுகைதீனை அறிந்துகொள்ள முடியாது என்பதால் மிகுதியை எழுதுகிறேன்.

அவருடைய தகப்பனார் கரைவலைக்காரர். மீராமுகைதீன் பன்னிரண்டு வயதில் தோணி தள்ளப் போனார். எங்கள் கடற்கரையில் தோணியை இறக்குவது பலத்தால் முடிகிற வேலையல்ல. அலை உடைகிற இடத்தில் நெஞ்சளவு தண்ணீரில் தோணியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஒன்றை விட வேண்டும், இன்னொன்றையும் விட வேண்டும், சரியான அலை தோணியைத் தூக்குகிற கணத்தில் "இப்ப!" என்று கத்த வேண்டும். கத்துகிறவர் பிழைவிட்டால் தோணி கவிழும். பதினேழு வயதிலேயே அந்தக் கத்துகிற வேலை மீராமுகைதீனுக்கு வந்துவிட்டது. வயதானவர்கள் கூட அவருடைய வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இருபத்து மூன்று வயதில் றாஹிலாவை மணம் முடித்தார். காவின் என்கிற திருமண ஒப்பந்தத்தை நானே எழுதினேன். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்கு உரியது. மணம் முடித்த ஆண் தாய் வீட்டை விட்டு மனைவியின் வீட்டில் போய் இருப்பான். மாப்பிள்ளை முதன்முதலாக வரும்போது பெண் வீட்டு வாசலில் அவனுடைய காலைக் கழுவி உள்ளே அழைப்பார்கள். அந்தத் தண்ணீர் காலில் பட்ட பிறகுதான் அது அவனுக்கும் வீடு. றாஹிலாவின் வீடு கடற்கரையோரத்தில், கிணற்றடியில் நின்றால் வலை இழுக்கும் சத்தம் கேட்கிற தூரத்தில் இருந்தது. அங்கே அஸ்னா பிறந்தாள். ஒரே பிள்ளை.

1997இல் கப்பலுக்குப் போனார். சரக்குக் கப்பல் அல்ல. வெளிநாட்டுச் செல்வந்தர்கள் ஊர் ஊராகப் பார்த்துக்கொண்டு போகிற உல்லாசப் பயணக் கப்பல். சில துறைமுகங்களில் அது கரையோடு கட்டும். மற்ற இடங்களில் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்க, பயணிகளைச் சிறு படகுகளில் கரைக்குக் கொண்டுபோவார்கள். அந்தப் படகில்தான் மீராமுகைதீனுக்கு வேலை. கப்பலின் பக்கத்தில் இறக்கிய மேடையில் நின்று, படகு அலையில் ஏறி இறங்கும்போது ஒவ்வொரு பயணியின் முன்கையையும் பிடித்து நிறுத்தி, படகு சரியாக உயர்கிற கணத்தில் "இப்ப" என்று சொல்லி அனுப்ப வேண்டும். அதை ஆங்கிலத்தில் சொல்லத்தான் அவரைப் பழக்கினார்கள். அவர் வாயில் தமிழ்தான் வந்தது. பயணிகள் அதைப் புரிந்துகொண்டார்கள் என்று எழுதியிருந்தார்.

நாங்கள் கைபேசி வாங்கிய பிறகும் அவர் கடிதம்தான் எழுதுவார். பேசினால் இரண்டு நிமிடத்தில் சொல் முடிந்துவிடும். கடிதத்தில் ஊர் ஊராக எழுதுவார். கரையிறங்குகிற ஒழுங்கை எனக்கு விளங்கப்படுத்தியதும் கடிதத்தில்தான். கம்பனி ஏற்பாடு செய்கிற சுற்றுலாவுக்குப் பணம் கட்டியவர்கள் முதலில் இறங்குவார்கள். தாங்களே வாகனம் பிடித்துத் தங்கள் விருப்பப்படி ஊர் பார்க்கப் போகிறவர்கள் இலக்கத் துண்டு எடுத்துக்கொண்டு மண்டபத்தில் காத்திருக்க வேண்டும். ஊழியர்களுக்கு எல்லோருக்கும் பிறகு, பத்து மணிக்கு மேல்.

"மச்சான், இந்தத் தனியாகப் போகிறவர்களைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை," என்று 1999இல் எழுதிய கடிதத்தில் இருக்கிறது. "விடிய முதல் எழும்பி, தொப்பி போட்டு, தண்ணீர்ப் போத்தலும் கையுமாக வந்து நிற்கிறார்கள். இலக்கம் பதினாறு வைத்திருக்கிற ஆள் மூன்றாம் இலக்கத்தோடு ஒட்டிக்கொண்டு வரப் பார்ப்பார். நான் கண்டும் காணாதது போல விடுவேன். கரையில் அவருக்காக ஓர் ஆள் காத்துக்கொண்டிருக்கலாம். இறக்கிவிடும்போது எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பனியோடு போனால் சுணங்கினாலும் கப்பல் நிற்கும், நீங்களாகப் போனால் நிற்காது, ஐந்து மணிக்குக் கடைசிப் படகு. இதை ஒரு நாளைக்கு நானூறு தரம் சொல்கிறேன்."

வருடத்துக்கு ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் றாஹிலாவின் வீடு. ஏழு வருடம் அப்படிப் போனது.

2004 டிசம்பர் 26 காலையில் அவருடைய கப்பல் தாய்லாந்துப் பக்கமிருந்து வந்துகொண்டிருந்தது. ஆழக்கடல். அவர் மேல்தட்டில் படகுக்கு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். கடல் வெயிலில் கண்ணாடி போலக் கிடந்ததாம். மாலையில் ஊழியர்கள் சாப்பிடுகிற இடத்துத் தொலைக்காட்சியில்தான் கண்டார்.

றாஹிலா போய்விட்டாள். அஸ்னா பள்ளி விடுமுறைக்குத் றாஹிலாவின் தங்கையான தன் சாச்சி றம்ஸியாவோடு சம்மாந்துறைக்குப் போயிருந்தபடியால் தப்பினாள். அந்த வாரத்தில் பிரதேச செயலகத்துக்காக நான் எழுதிய பெயர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. றாஹிலாவை நாங்கள் மையவாடியில் அடக்கினோம். மீராமுகைதீனுக்குப் பதிலாக அவருடைய இடத்தில் நின்றவன் நான்.

அவர் ஜனவரி 14 ஆம் திகதி வந்து சேர்ந்தார். வீடு இருந்த இடத்தில் கிணற்றின் வளையம் மட்டும் மணலுக்கு மேலே தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் சொன்னார்:

"எண்ட காலுக்குக் கீழாலதான் போயிரிக்கி மச்சான்."

"என்ன?"

"அந்த அலை. ஆழத்தில அது தெரியாதாம். கப்பல்ல ஒருத்தருக்கும் ஒண்டும் விளங்கல்ல. கோப்பையில தேத்தண்ணி கூடச் சிந்தல்ல. எனக்கு அடியால போய், எண்ட வீட்டுக்குப் போயிரிக்கி. எத்தன அலையப் பாத்து இப்ப, இப்ப எண்டு கத்தியிரிப்பன். இது ஒண்டு எனக்குத் தெரியாமப் போச்சி."

இரண்டு கிழமைக்குள் ஊரில் பெண் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அப்போது அப்படித்தான் நடந்தது. வீடிழந்த ஆண்களும் துணையிழந்த பெண்களும் நிறையப் பேர். ஆணுக்குப் போய் இருக்க ஒரு வீடு வேண்டுமென்றால் இன்னொரு பெண்ணின் வீடுதான் வழி. சல்மா உம்மாவே ஒரு நாள் தேத்தண்ணீரோடு அந்தக் கதையை எடுத்தாள்.

"ராத்தா, எனக்கு ஒரு வாசல்லதான் கால் கழுவின," என்றார் அவர். "அந்த வாசலக் கடல் கொண்டுபோச்சி. இனி எனக்கு இந்த ஊருல எந்த வீடு?"

"இது உண்ட வீடில்லயா?"

"இது மச்சான் வந்த வீடு."

சல்மா உம்மா கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பெப்ரவரி 2 ஆம் திகதி அவரைக் கொழும்பு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஏழு வருடம் அவர் கல்முனைக்கு வரவில்லை. ஒப்பந்தம் முடிந்தால் கொழும்பில் கப்பல்காரர்கள் தங்குகிற ஒரு விடுதியில் இருந்துவிட்டு அடுத்த ஒப்பந்தத்துக்குப் போய்விடுவார். மாதா மாதம் அஸ்னாவுக்குப் பணம் வரும். அரசாங்கம் கடற்கரையை விட்டு உள்ளே கட்டிக்கொடுத்த வீடு அஸ்னாவின் பேரில் எழுதப்பட்டது. றம்ஸியா அங்கே வந்திருந்து அவளை வளர்த்தாள். இரண்டு தடவை நான் அஸ்னாவைக் கொழும்புக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தகப்பனிடம் காட்டினேன். இரண்டாவது தடவை 2009 செப்டெம்பரில். யுத்தம் முடிந்து நாலு மாதம். மருதானையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் இருந்தோம். அஸ்னாவுக்குப் பதினேழு வயது.

"வாப்பா, இப்ப சண்டையும் முடிஞ்சி. செக்பொயின்ட் எல்லாம் எடுத்துட்டாங்க. ஊருக்கு வாங்களேன்."

"வாறன் மகள்."

"எப்ப?"

அவர் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். "கப்பல் கொண்டு வந்தா வாறன்."

"ஊருக்குக் கப்பல் வராது வாப்பா. பஸ்தான் வரும்."

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். நாங்கள் திரும்பும்போது பஸ்ஸின் ஜன்னலோரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார். பஸ் நகர்ந்த பிறகும் கொஞ்சத் தூரம் கூடவே நடந்து வந்தார்.

அஸ்னாவுக்கு மாப்பிள்ளை பேசி முடித்தது 2010இல். அட்டாளைச்சேனையைச் சேர்ந்த இஹ்ஸான், ஆசிரியர். நல்ல பிள்ளை. பெண்ணின் தகப்பன்தான் வலி, அதாவது மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைக் கொடுக்க வேண்டியவர். அவர் வர முடியாவிட்டால் இன்னொருவருக்கு எழுத்தில் அதிகாரம் கொடுக்கலாம். நான் பதிவாளராக இருந்த காலத்தில் மத்திய கிழக்கில் வேலை செய்த எத்தனையோ தகப்பன்மார் அப்படிக் கொடுத்தார்கள். பிழையொன்றும் இல்லை. ஆனால் அஸ்னா ஒரே சொல்லில் நின்றாள். வாப்பா வந்து, வாப்பாவின் கையால் காவின் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் வேண்டாம். 2011 தொடக்கத்தில் வெள்ளம் வந்து ஒரு தடவை தள்ளிப்போனது. பிறகு மீராமுகைதீனுக்கு விடுமுறை கிடைக்காமல் இன்னொரு தடவை தள்ளிப்போனது. இஹ்ஸானின் தகப்பனார் அப்துல் ஸமட் பொறுமையான மனிதர்தான். ஆனாலும் மூன்றாம் தடவை தள்ளிவைக்க மாட்டோம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த நேரத்தில்தான், டிசம்பர் மாதம், இந்தக் கடிதம் வந்தது.

"மச்சான், அடுத்த வருடத்துப் பயண அட்டவணையை ஒட்டியிருக்கிறார்கள். பெப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை, திருகோணமலை. காலை ஏழு மணி முதல் மாலை ஆறு மணிவரை. பதினைந்து வருடத்தில் இப்போதுதான் கப்பல் அந்தப் பக்கம் வருகிறது. நான் மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன். காவினை அன்றைக்கு வையுங்கள். மகளிடம் சொல்லுங்கள், கப்பல் கொண்டு வருகிறது என்று."

திருகோணமலையிலிருந்து கல்முனைக்கு, புதுப் பாலங்களெல்லாம் போட்ட பிறகு, வான் வண்டியில் நாலு மணித்தியாலம். போக நாலு, வர நாலு. முதல் படகில் ஏழு மணிக்கு இறங்கினால் வீட்டில் இரண்டு மணித்தியாலம் கிடைக்கும். ஊழியர்களை விடுகிற பத்து மணிக்கு இறங்கினால் வீடு போய்ச் சேர முதலே திரும்ப வேண்டும். ஆகவே முழுக் காரியமும் முதல் படகில் தங்கியிருந்தது. முதல் படகு கரைக்கு வரும்போது கயிறு கட்டவும் பயணிகளை இறக்கவும் ஒருவர் கரையிலேயே நிற்க வேண்டும். அந்த வேலையைக் கேட்டு வாங்கியிருப்பதாகவும், இரண்டாம் படகில் ஒரு பிலிப்பைன்காரர் வந்து தன்னை விடுவிப்பார் என்றும், அதற்காக அவர் தன்னுடைய விடுமுறையை விட்டுக்கொடுத்திருக்கிறார் என்றும் அடுத்த கடிதத்தில் எழுதியிருந்தார். மேலதிகாரி ஒரே நிபந்தனைதான் சொன்னாராம். கடைசிப் படகு ஐந்து மணிக்கு. கப்பல் நிற்காது.

அப்துல் ஸமட் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப மாப்பிள்ளய எத்தன மணிக்குக் கூட்டி வரணும்? கப்பல் ஊதினாப் பொறவா?"

"பதினொண்டுக்கு," என்றேன்.

"சம்மந்திக்குக் கப்பல் பிந்தினா?"

நான் அதற்கும் ஆயத்தமாக இருந்தேன். அதிகாரம் கொடுக்கும் பத்திரமொன்றை எழுதி, கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தேன். அதை அஸ்னாவிடம் காட்டினேன்.

"மாமா, அந்தப் பேப்பர நீங்களே வெச்சிக்கங்க," என்றாள்.

பெப்ரவரி 19 அன்று பாண்டிருப்புப் புண்ணியமூர்த்தியின் வானைக் கூலிக்குப் பிடித்தோம். விடியற்காலைச் சுபஹுத் தொழுகைக்கு வெகு முன்னரே புறப்பட்டு, சுபஹைக் கிண்ணியாவில் தொழுதுவிட்டு, ஆறரைக்கு இறங்குதுறையில் நின்றோம். வாடைக் காற்று பலமாக இருந்தது. ஏழு மணிக்குக் கப்பல் இல்லை. ஏழரைக்கும் இல்லை. வெளிநாட்டுக்காரரை ஏற்றக் காத்திருந்த முச்சக்கரவண்டிக்காரர்கள் கடலைப் பார்த்துக் கொட்டாவி விட்டார்கள். எட்டு மணிக்குத்தான் அது உள்ளே வந்து நங்கூரம் போட்டது. வெள்ளை நிறம். எங்கள் ஊர் முழுவதையும் ஏற்றலாம் போல இருந்தது.

எட்டு இருபதுக்கு முதல் படகு வந்தது. முன்பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர் மீராமுகைதீன். தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டுகொண்டார், ஆனால் கை காட்டவில்லை. கையில் கயிறு இருந்தது. குதித்து இறங்கிக் கட்டிவிட்டு, பயணிகளை ஒவ்வொருவராகப் பிடித்து இறக்கினார். இறக்கிய ஒவ்வொருவரும் அவரைத் தாண்டி, எங்களைத் தாண்டி ஊருக்குள் போனார்கள். அவர் மட்டும் இறங்குதுறையின் விளிம்பில் நின்றார். எங்களுக்கிடையே ஒரு கயிற்றுத் தடுப்பும் இருபதடி சீமெந்துத் தரையும்.

தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரர் மனைவியோடு புண்ணியமூர்த்தியிடம் வந்தார். நிலாவெளிக்குப் போய்வர வான் வேண்டுமாம்.

"காக்கா, இவரு அம்பது டொலர் எண்டுறார்," என்றார் புண்ணியமூர்த்தி. "உங்கட மச்சான் வராட்டி இப்பவே சொல்லிப்போடுங்க."

"அவர் அந்தா நிக்கிறார்."

"நிக்கிறார்தான். வாறாரில்லையே!"

இரண்டாம் படகு வர இன்னும் இருபது நிமிடம். அதில் பிலிப்பைன்காரர் இருந்தார். மீராமுகைதீன் கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டு, நடந்து அல்ல, ஓடியே வந்தார். என்னைக் கட்டிப்பிடித்தபோது சட்டையில் டீசல் வாடை. "சலாம் மச்சான். பொறவு கதைப்பம். ஏறுங்க," என்றார்.

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். இரண்டு மணித்தியாலம் இப்போது இருபது நிமிடமாகச் சுருங்கியிருந்தது.

வெருகலைத் தாண்டினோம். வாகரையில் பாதை கடலோரமாகப் போகிறது. யுத்தக் காலத்தில் நாங்கள் யாரும் போகாத பாதை. அவர் கடல் பக்கத்து இருக்கையிலிருந்து எழுந்து மற்றப் பக்கம் வந்து உட்கார்ந்தார்.

"அஸ்னா உசரமா இரிக்காளா?"

"றாஹிலாவ விட உசரம்."

"எண்டா என்னப் போல." பிறகு, "எல்லா ஊருலயும் சனத்த இறக்கி விடுறன் மச்சான். கரையக் கண்டா அவங்கட முகம் மாறும். எனக்கு அதப் பாக்கப் பாக்க, இஞ்ச ஒரு ஊரு கிடக்கி, அதுல எறங்க எனக்கு நம்பர் இல்ல எண்டு நெனப்பு வரும்."

"நம்பர் ஆர் உனக்குத் தராம விட்டது?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

கல்லடிப் பாலத்தில் நின்றுபோனோம். அப்போது அது ஒற்றை வழிப் பாலம். எதிர்ப்பக்கத்து வாகனங்கள் முடியும்வரை காத்திருக்க வேண்டும். வரிசை நீண்டுகொண்டே வந்தது. நான் சட்டைப் பையிலிருந்து பத்திரத்தை எடுத்தேன். விருப்பத்தோடு எடுக்கவில்லை. ஆனால் நேரத்தைப் பார்த்தால் வேறு வழி தெரியவில்லை.

"மீரா, கேளு. இதுல ஒரு கையெழுத்து வெச்சா நான் போய்க் காரியத்த முடிச்சிருவன். நீ இவடத்தால கிறுகி ஆறுதலாக் கப்பலுக்குப் போகலாம். இன்னும் போனா உண்ட வேலை போகும்."

அவர் பத்திரத்தை வாங்கி முழுதும் வாசித்தார். மடித்து என் பையிலேயே வைத்தார்.

"றாஹிலாவ அடக்கின நேரமும் எண்ட இடத்தில நீங்கதான் நிண்டீங்க. அதுக்கு நன்றி மச்சான். மகள்ட காரியத்துக்கும் ஆள் வைக்கிறதா?"

"கப்பல் நிக்காதே மனே."

"நிக்காது. நான்தானே எல்லாருக்கும் சொல்லுற."

முன்னாலிருந்து புண்ணியமூர்த்தி கேட்டார்: "அண்ண, நீங்க சாமான் சட்டு எல்லாம் கப்பல்லயா வெச்சிரிக்கீங்க?"

"ஓம்."

"அப்ப கப்பலப் பிடிக்கத்தான் வேணும். பிடிச்சுக்கிட்டிருங்க." பாலம் விட்டதும் அவர் ஓட்டிய வேகத்தை நான் எழுதாமல் விடுகிறேன்.

பன்னிரண்டு இருபதுக்கு அஸ்னாவின் வீட்டு வாசலில் இறங்கினோம். மாப்பிள்ளை வீட்டார் வெளியே கொட்டகையில் இருந்தார்கள். வலி வராமல் மாப்பிள்ளையை உள்ளே அழைக்க முடியாது. வாசற்படியில் ஒரு மணைக்கட்டையும் செம்பு நிறையத் தண்ணீரும் மாப்பிள்ளைக்காக வைத்தபடி இருந்தன. மீராமுகைதீன் சப்பாத்தைக் கழற்றினார். கழற்றிவிட்டு அப்படியே வேலியோரத்தில் நின்றார். அவர் இந்த வீட்டை அதுவரை கண்டதில்லை.

"என்னடா நிக்கிற? உள்ளுக்கு வா," என்றாள் சல்மா உம்மா.

"முதல்ல மாப்பிள்ளை போகட்டும் ராத்தா. நான் இவடத்த இரிக்கிறன். காவினுக்கு இஞ்சயே ஒரு பாய் போட்டாப் போதும்."

"உனக்கென்ன விசரா? இது உண்ட மகள்ட வீடு!"

"மகள்ட வீடுதான்," என்றார். குரலில் கோபம் இல்லை. வேலிக் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை.

அப்போது உள்ளேயிருந்து அஸ்னா வந்தாள். மணப்பெண் காவினுக்கு முன் இத்தனை ஆண்களுக்கு முன்னால் வாசலுக்கு வருவது எங்கள் ஊரில் நடக்கிற காரியமல்ல. பெண்கள் பக்கத்தில் ஒரே சலசலப்பு. அவள் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து செம்பை எடுத்தாள்.

"புள்ள, அது மாப்பிள்ளைக்கு ஊத்துற தண்ணி!" என்று றம்ஸியா பதறினாள்.

"கிணத்துல இன்னும் தண்ணி இரிக்கி சாச்சி."

வேலியோரம் வந்தாள். தகப்பனின் முன்கையைப் பிடித்து மணைக்கட்டைக்குக் கூட்டி வந்தாள். அவர் காற்சட்டைக் கால்களை மடிக்கக் கூட மறந்து நின்றார். அவள் செம்பைச் சரித்து வலது காலில் ஊற்றினாள், இடது காலில் ஊற்றினாள், கையால் விரல்களைத் தேய்த்துக் கழுவினாள். பட்டுச் சாரியின் ஓரம் சேற்றில் நனைந்தது. பிறகு எழுந்து மறுபடியும் அவருடைய முன்கையைப் பிடித்தாள்.

"நில்லுங்க வாப்பா," என்றாள். அவர் படியைப் பார்த்தார். "இப்ப."

அவர் உள்ளே காலை வைத்தார்.

கொட்டகையிலிருந்து அப்துல் ஸமட் சொன்னார்: "கொஞ்சம் மிச்சம் வைங்க. எங்கட ஆளுக்கும் ரெண்டு கால் இரிக்கி." எல்லோரும் சிரித்தார்கள். இஹ்ஸானும் சிரித்தார். அவருக்கு மறுபடி செம்பு நிரப்பிக் கால் கழுவி அழைத்தோம்.

நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். புதிய பதிவாளர் எழுதினார். நான் பக்கத்தில் இருந்து எழுத்தைப் பார்த்தேன். மீராமுகைதீன் இஹ்ஸானின் கையைப் பிடித்து, சொல்ல வேண்டிய சொற்களைத் தடுமாறாமல் சொன்னார். இஹ்ஸான் ஏற்றுக்கொண்டார். கயிறு பிடித்துத் தடித்த அந்தக் கை எவ்வளவு சூடாக இருந்தது என்று இஹ்ஸான் பிறகு ஒரு நாள் என்னிடம் சொன்னார்.

சாப்பிட நேரம் இல்லை. கலியாணச் சோற்றைப் பொதியாகக் கட்டிக் கொடுத்தோம், புண்ணியமூர்த்திக்கும் சேர்த்து. போகிற வழியில் மையவாடியில் நிறுத்தவா என்று கேட்டேன்.

"இண்டைக்கு வேணாம். றாஹிலாட்ட அவசரத்தில போய் நிக்க ஏலாது," என்றார்.

அஸ்னா வானின் ஜன்னலோரத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "வாப்பா, இது உங்கட வீடும்தான். கால் கழுவிட்டம். இனி நீங்க மறுக்க ஏலாது."

அவர் அவள் தலையில் கையை வைத்தார். வான் நகர்ந்த பிறகும் அவள் கொஞ்சத் தூரம் கூடவே நடந்து போனாள். மணப்பெண் தெருவில் நடக்கிறாளே என்று றம்ஸியா பின்னால் ஓடினாள். நேரம் பன்னிரண்டு ஐம்பத்தைந்து.

அன்று பின்னேரம் வீட்டில் யாரும் ஒரு வேலையும் செய்யவில்லை. என்னுடைய கைபேசியைப் பாயின் நடுவில் வைத்துவிட்டுச் சுற்றி இருந்தோம். அஸ்னா மாற்றுடை கூட உடுத்தவில்லை. ஐந்து மணி கழிந்த பிறகுதான் புண்ணியமூர்த்தி பேசினார்.

"காக்கா, ஆள ஏத்திட்டன்."

"ஏறிட்டாரா?"

"ஏறிட்டார். எண்டாலும் உடன ஏறல்ல. கடைசிப் படகுக்கு வந்த சனத்த எல்லாம் கையப் பிடிச்சி ஏத்தினார். நம்மட நிலாவெளிக்காரரும் மனுசியும் கடைசியாத்தான் வந்தாங்க, அவங்களையும் ஏத்தினார். மறுகா ஒரு கால் படகில, ஒரு கால் கரையில வெச்சிக்கிட்டு நிண்டார். ரெண்டு தரம் கிறுகிப் பாத்தார். எனக்கெண்டா, ஆள் நிண்டுடப் போறார் எண்டுதான் பட்டது. அந்தப் பிலிப்பைன் பொடியன்தான் கையப் பிடிச்சி இழுத்தெடுத்தான்."

அஸ்னா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இஹ்ஸான் எழப் பார்த்தார். சல்மா உம்மா அவரைக் கைகாட்டி இருத்தினாள்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் கடிதம் இல்லை. அஸ்னா ஒன்றும் கேட்க மாட்டாள். ஆனால் தபாற்காரர் வருகிற நேரத்தில் எங்கள் வீட்டுக்கு ஏதாவது ஒரு காரணம் சொல்லிக்கொண்டு வருவாள். ஒரு நாள் சீனி, ஒரு நாள் ஊசி. எங்கள் வீட்டில் இத்தனை ஊசி இருப்பது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. முன் அறையில் அவள் ஒரு கட்டில் வாங்கிப் போட்டிருந்தாள். அதில் ஒருவரையும் படுக்க விடவில்லை.

பிறகு ஒரு கடிதம் வந்தது. கிரேக்க நாட்டு முத்திரை. ஒரே பக்கம்.

"மச்சான், என் ஒப்பந்தம் யூன் மாதம் முடிகிறது. அடுத்ததற்குக் கையெழுத்து வைக்கவில்லை. மேலதிகாரி ஏன் என்று கேட்டார். எனக்கும் கரையில் ஆள் காத்துக்கொண்டிருக்கிறது என்றேன். அன்று திருகோணமலையை விட்ட பிறகு கப்பல் நம் ஊரைத் தாண்டித்தான் போனது. நான் மேல்தட்டில் நின்றேன். வெளிச்சம் தெரிந்தது, எது யாருடைய வெளிச்சம் என்று தெரியவில்லை. பதினைந்து வருடம் சனங்களைக் கரைக்கு முந்தி அனுப்பியவன், இனி நானும் போகலாம் என்று பட்டது. யூன் 16, சனிக்கிழமை வந்து சேருவேன். றாஹிலாவிடம் ஆறுதலாகப் போக வேண்டும், பின்னேரத்தில், நீங்களும் வாருங்கள். மகளிடம் சொல்லுங்கள், இந்த முறை பஸ்ஸில்தான் வருகிறேன்."

அஸ்னா அதை வாசித்துவிட்டு, கொண்டு வந்த சீனிக் கோப்பையை எங்கள் வீட்டிலேயே மறந்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு அவர் எனக்குக் கடிதம் எழுதவில்லை. அடுத்த தெருவிலிருந்து யார் கடிதம் எழுதுவார்கள்? இது அவருடைய கடைசிக் கடிதம். அது என் கைக்கு வந்து சேர்ந்த திகதி: 2012 மே 29, செவ்வாய்க்கிழமை.